மஞ்சள் துணி கட்டின பாத்தி

எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அது வியாழக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்கிற கம்பெனியில் அதை மாற்றிக் கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் எங்கள் நிலத்தில் மருந்து அடிப்பது எப்போதும் வியாழக்கிழமைதான். செடிக்குத் திங்கட்கிழமை நோய் வந்தாலும் அது எனக்காக வியாழன் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அடித்தபிறகு இத்தனை நாள் காயைத் தொடாதே என்று பாக்கெட்டில் போட்டிருப்பான். படிக்கத் தெரியாதவன் இல்லை நான், எட்டாவது வரைக்கும் போனவன். ஆனால் பாக்கெட் சொல்கிற நாளும், வியாபாரி வண்டி வருகிற நாளும், கம்பெனி விடுகிற நாளும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

சோழவரத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா விட்டுப்போன நிலம் கொஞ்சம் இருக்கிறது. அதில் கத்தரிதான் அதிகம், ஓரத்தில் வெண்டை. தண்ணீர் கட்டுவது, களை பிடுங்குவது, காய் பறிப்பது எல்லாம் என் வீட்டுக்காரி. நான் லீவு நாளில் மருந்து அடிப்பேன், மற்ற நாளில் கம்பெனி பஸ்ஸில் போய் வந்த உடம்போடு மோட்டாரைப் பார்ப்பேன். காய் கோயம்பேட்டுக்குப் போகும், செங்குன்றத்துக்குப் போகும், எங்கெங்கோ போகும். யார் வீட்டு அடுப்பில் ஏறுகிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதால்தான் தூக்கம் வருகிறது என்று இப்போது தோன்றுகிறது.

மோட்டார் கொட்டகை ஓரமாக ஒரு சின்னப் பாத்தி உண்டு. அது வீட்டுப் பாத்தி. அதற்கு மட்டும் மருந்து கிடையாது. காய் கோணலாக இருக்கும், ஓட்டை இருக்கும், நறுக்கினால் புழு தலையைத் தூக்கிப் பார்க்கும். அதைத்தான் நாங்கள் சாப்பிடுவோம். எங்கள் தெருவில் காய் போடுகிற எல்லாரிடமும் இப்படி ஒரு பாத்தி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். கேட்டால், "ஊட்டுக்குனு நாலு செடி வுட்டுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

எங்கள் பெண்ணுக்கு முன்னொரு வருஷம் மஞ்சள் காமாலை வந்தது. சோற்று வாசனையே ஆகாமல் சுருண்டு கிடந்தாள். அப்போது என் வீட்டுக்காரி ஊர் அம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்தாள். பிள்ளை எழுந்து நடந்தால், ஆடியில் கூழ் ஊற்றுகிற அன்று மதியம் ஊருக்கே போடுகிற சாப்பாட்டில் சாம்பாருக்குக் காய் எங்கள் நிலத்துக் காய் என்று. பெண் எழுந்தாள். இப்போது ஐ.டி.ஐ. போகிறாள். அம்மன் தன் வேலையை முடித்துவிட்டாள், எங்கள் வேலைதான் பாக்கி.

போன ஆடிக்கு முன்னாலேயே அவள் நிலத்துக்கு நடுவில் நல்ல செடியாகப் பார்த்து ஒரு பாத்தியைப் பிரித்தாள். இரண்டு முனையிலும் குச்சி நட்டு மஞ்சள் துணி கட்டினாள். அதிலிருந்து ஒரு காயைக்கூட வியாபாரிக்குக் கொடுக்கவில்லை. தண்ணீர் கட்டும்போது அந்தப் பாத்தியைத்தான் முதலில் திறப்பாள். குளிக்காமல் அதில் கால் வைக்கமாட்டாள்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வாரம் சாயங்காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. காயில் பழுப்பு வட்டம் விழுந்து, வட்டம் பெரிதாகி, தொட்டால் விரல் உள்ளே போனது. காய் அழுகல். ஒரு செடியில் வந்தால் நாலே நாளில் நிலம் முழுக்கப் போய்விடும். நான் மருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தான். "உள்ள எறங்கற மருந்து அண்ணே இது. மழ வந்தாலும் போவாது. இந்த ஒட்டுப் பசையும் ஒரு மூடி ஊத்திக்கோ, பட்ட எடத்துலயே புடிச்சிக்கும்."

"அடிச்சிட்டு எப்ப காய் பறிக்கலாம்?"

"ஒரு வாரம்னு போட்டுக்கீறான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ பாத்துக்கோ அண்ணே" என்றான்.

இந்த "பார்த்துக்கோ" என்ற வார்த்தையில்தான் எங்கள் ஊர் விவசாயம் நடக்கிறது.

வியாழக்கிழமை காலையில் அடித்தேன். வீட்டுக்காரி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, நடுவில் மஞ்சள் துணி கட்டின பாத்திக்கு வந்தேன். வந்ததும் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டேன். அம்மனுக்கு விட்ட இடமில்லையா. வெறுங்காலோடு இறங்கி, "தாயே, உன் காயில ஒரு புள்ளி வுழக்கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். மற்ற பாத்திக்கெல்லாம் ஒரு நடைதான். டேங்கில் மீதி இருந்ததை வீணாக்க மனசு வரவில்லை. அதையும் அம்மன் பாத்திக்கே இன்னொரு நடை அடித்தேன். முடிந்தபோது மனசு நிறைவாக இருந்தது. காலைக் கழுவிக்கொண்டு வந்து இட்லி சாப்பிட்டேன். அழுகலிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு வேறெதுவும் என் தலையில் இல்லை.

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவள் தலைக்குக் குளித்து, மறுநாளைக்கான காயைப் பறித்துக் கொண்டுவந்து, கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு புள்ளி இல்லாத காய். கறுப்பாகப் பளபளவென்று, பார்க்கவே அழகாக இருந்தது. அவள் மட்டும் அதை அழகாகப் பார்க்கவில்லை.

"மாமா, இங்க வா. இன்னா இது?"

காம்பைச் சுற்றிப் பச்சைத் தொப்பி மாதிரி இருக்குமே, அதைத் தூக்கிக் காட்டினாள். மடிப்புக்குள் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது.

"மருந்துதான்மே. அழுவல் வந்துச்சில்ல, அதான் வியாழக்கெழம அடிச்சேன்."

"எதுக்கெல்லாம் அடிச்ச?"

"எல்லாத்துக்கும்தான்."

"ஊட்டுப் பாத்திக்கு?"

"அதுக்கு எப்ப அடிச்சிக்கிறோம்?"

அவள் காயைக் கூடையில் திருப்பி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாம துன்ற பாத்திக்கு அடிக்கல. சாமி பாத்திக்கு அடிச்சிக்கீற."

"காய் கெட்டுடக் கூடாதுன்னுதான்மே. செருப்பக்கூட கழட்டி வுட்டுட்டுத்தான் எறங்கினேன்."

"செருப்பக் கழட்டினியா!" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கிறதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மதியம் அந்தச் சாம்பாரை ஊரே உட்கார்ந்து சாப்பிடும். கோயிலை ஒட்டின வீட்டில் ஒரு பெண் ஏழு மாதம். பால்குடி மறந்த பிள்ளைகள் எத்தனையோ. பிள்ளையைப் பிழைக்கவைத்த தெய்வத்துக்கு இதைத்தான் நாம் கொடுக்கப் போகிறோமா என்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பதில் பேசி சண்டையாவது போட்டிருப்பேன்.

உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தால் போய்விடும் என்றேன். அவள் போனை எடுத்து மருந்துக் கடைக்காரனையே கேட்டாள். நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"மேல இருக்கறது கொஞ்சம் போவும்க்கா. உள்ள எறங்கினது எப்டிப் போவும்? எறங்கணும்னுதான அண்ணன் டப்பு குடுத்து வாங்கினாரு."

"கொதிக்க வெச்சா?"

"எனக்குத் தெரியலக்கா, பொய் சொல்லக் கூடாது. வாரம் போனாத்தான் கொறையும். ஆனா நீ ஏன் இம்மாம் பேஜாரு பண்ணிக்கினு கீற? எவன் கேக்கப் போறான்? ஊரே இப்டித்தான பறிக்குது."

"எவனும் கேக்கலன்னா சரியாய்டுமா தம்பி?"

"சரிக்கா, கடையில ஆளு நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டான். அவன்மேலும் தப்பில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னான்.

மார்க்கெட்டில் வாங்கிவிடலாமா என்று பார்த்தோம். வேண்டுதல் நம்ம நிலத்துக் காய். அதை விட்டாலும், மார்க்கெட் காய்க்கு யார் அடித்தார்கள், என்றைக்கு அடித்தார்கள் என்று எங்கே போய்க் கேட்பது? நம்மை மாதிரி ஒருத்தன்தானே அங்கேயும் போட்டிருப்பான். வீட்டுப் பாத்தியைப் போய்ப் பார்த்தோம். ஒரு முறம் தேறும். ஊர்ச் சாப்பாட்டுக்கு அது எந்த மூலைக்கு?

மோட்டார் கொட்டகை பக்கத்தில் நின்றுகொண்டே அவள் சொன்னாள். "நம்ம ஊட்டுப் பாத்தி மட்டுமா கீது?"

எனக்குச் சுருக்கென்றது. போய்க் கேட்டால், உங்களிடம் தனிப் பாத்தி இருப்பது எங்களுக்குத் தெரியும் என்று ஆகும். ஏன் தனியாக வைத்திருக்கிறீர்கள் என்றும் ஆகும். ஊரில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. ஆனால் அவள் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னால் போனேன்.

முதலில் அடுத்த வீடு, என் அண்ணன் வீடு. அண்ணி வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா கொழுந்தனாரே, கம்பெனி சம்பளம் பத்தலியா? பொண்டாட்டியும் புருசனும் கூடைய தூக்கிக்கினு கெளம்பிட்டீங்க!"

வீட்டுக்காரி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். செருப்பைக் கழற்றினதையும் சொன்னாள். அண்ணி சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஊட்டுப் பாத்தியா? எங்களுக்கு ஏது அதெல்லாம்?" என்று வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அப்ப பின்னாடி வெண்டக்காய்க்குப் பக்கத்துல சேல கட்டி மறைச்சி வெச்சிக்கிறது இன்னாக்கா, கொலுவா?"

அண்ணி அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. குடம் சாய்கிற அளவுக்குச் சிரித்தார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி வருசமா ஒரே செவுத்துக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும் இருந்துக்கினு, ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கினதே இல்லடி" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு தாம்பாளம் நிறையக் காய் வந்தது. எல்லாம் கோணல். ஒன்றுகூட உருப்படியான உருவத்தில் இல்லை. அவர்களே கூடையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

ஒரு வீட்டில் கத்தரி, ஒரு வீட்டில் பரங்கி, ஒரு வீட்டில் வேலியோரத்து முருங்கைக்காய். சிலர் ஏன் எதற்கு என்று கேட்காமலே கொடுத்தார்கள். ஒரு பெரியவர், "தெரிஞ்சிக்கினா சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, எவ்வளவு கூப்பிட்டும் யாரும் வெளியே வரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு யாராவது இப்படிக் கூடையோடு வந்திருந்தால் நானும் டி.வி. சத்தத்தைத்தான் கூட்டி வைத்திருப்பேன்.

விடிந்ததும், வேண்டுதலுக்கு இதாவது இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுப் பாத்திக் காயையும் சேர்த்து, கோயிலில் கொண்டுபோய்க் கொட்டினோம். பூசாரி அண்ணன் குவியலைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இன்னா நைனா இது, அம்மனுக்குப் போய் சொத்தக் காயி? பூச்சி கடிச்சது எச்சில் இல்லியா? நேத்து உங்க நெலத்துல பளபளன்னு பறிச்சிக்கினு போனாங்களே, அது எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரி முன்னால் வந்தாள். "எறும்பு மொய்ச்ச வெல்லத்தத் தட்டிட்டுப் பொங்கல்ல போடறோமே அண்ணே, அது எச்சில் இல்லியா? இத பூச்சி துன்னுச்சு, துன்னுட்டு உசுரோட கீது. அந்தப் பளபளப்புக் காய பூச்சியே தொடல."

பூசாரி அண்ணனும் கத்தரி போடுகிறவர்தான். அவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. "நறுக்கும்போது நல்லாப் பாத்து நறுக்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மனுக்கு மஞ்சள் அரைக்கப் போய்விட்டார்.

பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து நறுக்கினார்கள். "இன்னாக்கா, சாம்பாருக்குக் கறி வேற போடறீங்களா?" என்று ஒருத்தி ஒரு புழுவைத் தூக்கிக் காட்டினாள். "ஆடி மாசம்டி, எடுத்து அப்பால போடு" என்றார்கள் அண்ணி. பாதிக்குப் பாதி கழிவாகப் போனது. மீந்த காயைவிடச் சிரிப்புதான் அங்கே அதிகம் இருந்தது. நான் தள்ளி நின்று விறகு பிளந்துகொண்டு கேட்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டில் கிடந்த அந்தப் பளபளப்புக் கூடை ஞாபகத்துக்கு வந்து, சிரிப்பு பாதியில் நின்றது.

மதியம் பந்தியில் சாம்பார் வாளி என் கையில். எங்கள் ஊரில் கம்பெனி வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்கள் லைன் வீட்டில் நிறைய இருக்கின்றன. அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் இலையைக் காட்டி, "அண்ணா, இன்னும் கொஞ்சம். பைங்கன் நல்லா இருக்கு" என்றாள். கத்தரிக்காயைத்தான் அவர்கள் பாஷையில் அப்படிச் சொன்னாள். ஊற்றினேன். பிள்ளைக்கும் பிசைந்து ஊட்டினாள். அன்றைக்கு அந்தப் பிள்ளை தின்றதில் எனக்குப் பயமில்லை. ஆனால் அவள் தினமும் ரோட்டோரத் தள்ளுவண்டியில் கத்தரிக்காய் வாங்குகிறவள். அந்த வண்டிக்குக் காய் எங்கிருந்து போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலிருந்துதான் போகிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன்.

வீட்டுப் பாத்தி சுத்தம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மழை பெய்தால் மேட்டு நிலத்துத் தண்ணீர் அதற்குள்ளும்தான் பாய்கிறது. வாடல் நோய்க்கு வேரில் ஊற்றின நீல மருந்து எத்தனை வருஷமாக அந்த மண்ணில் இறங்கியிருக்கிறதோ. மண்வெட்டி போட்டால் முன்பெல்லாம் மண்புழு நெளியும், இப்போது தேடினால்தான் உண்டு. ஒரு முறை மண் பரிசோதனைக்கு என்று ஒரு பை மண்ணை எடுத்துப் போனார்கள். அதில் என்ன வந்தது என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே. அதனால் அன்றைக்கு நாங்கள் அம்மனுக்குப் படைத்தது எங்களிடம் இருந்ததில் கொஞ்சம் நல்லது, அவ்வளவுதான். அம்மன் மனசு பார்ப்பவள். ஏற்றுக்கொண்டிருப்பாள் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஷிப்ட், காலையில் வீட்டில் இருந்தேன். வியாபாரியின் மினி வண்டி நிலத்தோரம் வந்து ஹாரன் அடித்தது. நிலம் முழுக்கக் காய் தொங்கியது. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது, ஒன்றில்கூட அழுகல் இல்லை. வீட்டுக்காரி வரப்பில் உட்கார்ந்திருந்தாள், கூடையை எடுக்கவில்லை. சாமிக்குப் பறித்த காயை முந்தின நாளே மாட்டுக்கும் போடாமல் குழி தோண்டிப் போட்டு மூடியிருந்தாள்.

"இன்னா அண்ணே, இன்னும் பறிக்கலியா?" என்றான் வியாபாரி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்த இலை, அந்தப் பிள்ளை, அந்தத் தள்ளுவண்டி, எல்லாம் இரண்டு பேர் கண்ணிலும் இருந்தது.

"வாரம் முடியட்டும்பா. வெள்ளிக்கெழம வா" என்றேன்.

"வெள்ளிக்கெழம இதெல்லாம் முத்தி வெத வெச்சிடும். எவன் வாங்குவான்? மழ நேரத்துல ஒனக்கு இன்னா ஆச்சி?"

"மருந்து அடிச்சிக்கீறேன்."

"எல்லாருந்தான் அடிச்சிக்கீறாங்க!" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அடுத்த நிலத்தில் நின்று ஹாரன் அடித்தான். அங்கே கூடைகள் தயாராக இருந்தன. அதே மழைதான் அவர்கள் காயிலும் பெய்தது, அதே கடையில்தான் அவர்களும் மருந்து வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் முக்கால்வாசி முத்திப் பழுத்துப்போனது. அந்தப் பறிப்பு போனது போனதுதான். இப்போதும் நான் மருந்து அடிக்கிறேன். அடிக்காமல் கத்தரி எடுக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று லீவை மாற்றிக் கேட்கிறேன். பறித்து முடித்த அன்றைக்கு அடித்துவிட்டு, வாரம் போன பிறகுதான் கூடையைத் தொடுகிறோம். சில தடவை லீவு கிடைக்கிறது. கிடைக்காத தடவை வியாழக்கிழமையே அடித்துவிட்டு, காய் முத்தினாலும் பறிக்காமல், இரண்டு பேரும் நிலத்துப் பக்கமே பார்க்காமல் நாளைத் தள்ளுகிறோம்.

அன்றைக்கு, அந்தத் திங்கட்கிழமை, வண்டி போனபிறகு நான் குளித்து, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன். இடைவேளையில் கேன்டீன் வரிசையில் நின்றேன். தட்டில் சோறு, ரசம், கத்தரிக்காய்க் கூட்டு. ஒரே அளவாக நறுக்கின, புழு இல்லாத, புள்ளி இல்லாத கத்தரிக்காய். எந்த ஊர்க்காரன் என்றைக்குப் பறித்தானோ. பரிமாறுகிறவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. பசி. சாப்பிடுவதற்கு முன்னால் எப்போதும் போலக் கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டேன். அவனும் மருந்துக்கு நாள் விட்டுப் பறித்திருக்க வேண்டும் தாயே என்று அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டுக்கொண்டு, சாப்பிட்டேன்.